முதலில் எர்த்தைப் பாருங்கள்

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் மீட்டர் விளக்கு மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கும் சேர்ந்து சிமிட்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர், "வயரிங் மொத்தமாப் போச்சு, புதுசா இழுத்துடலாம்" என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். இந்த இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கரண்ட் போகிறது, திரும்பி வர வழியில்லை.

பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் பொதுவான எர்த், பல்பின் பித்தளை உடம்பு. ஹோல்டர் துருப்பிடித்து அந்த எர்த் அறுந்துபோனால், பிரேக் இழைக்குள் நுழைந்த கரண்ட் 5 வாட் இழை வழியாக வெளியேறி, சிவப்பு வயரில் பின்னோக்கி ஓடி, அதே வயரில் இருக்கும் மீட்டர் விளக்கு வழியாக பாடிக்குப் போய்ச் சேருகிறது. போகிற வழியில் அதையும் எரிய வைக்கிறது. ஹோல்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு வயரின் லக்கை வெறும் இரும்பில் இறுக்கினால் போதும், டேஷ்போர்டு அமைதியாகிவிடும்.

என்னிடம் இருப்பது 1960களின் நடுவில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அதைத் தயாரித்தது. தனிச் சேஸிஸ், அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறக்கும். பழுது பார்க்க இவ்வளவு வசதியான வண்டி கிடையாது. ஆனால் ஒவ்வொரு போல்ட் மூட்டும் எர்த் திரும்பும் பாதையில் ஒரு கதவு. கடற்காற்று அறுபது வருடம் அடித்த ஊரில் அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்: ஆசை ஆசையாகப் புதுப் பெயிண்ட் அடித்த பிறகுதான் பல வண்டிகளில் விளக்குத் தகராறு தொடங்குகிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. லக் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டி, மாட்டி முடித்த பிறகு வாசலின் தடவுங்கள்.

பல்லாவரத்தில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். நான் புதிதாக வாங்கிய மல்டிமீட்டரைக் காட்டியபோது சிரித்தார். "பீப் சத்தம் வந்துட்டா வயர் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல சார். லோடு குடுத்துப் பாருங்க" என்றார். அவர் சொன்னதுதான் மொத்த வித்தையும். பதினான்கு இழை உள்ள வயரில் பதின்மூன்று அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அது சோதிக்க அனுப்பும் கரண்ட் அவ்வளவு சொற்பம். ஹெட்லைட் கேட்பதோ பல ஆம்பியர். அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது.

அதனால் விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, ஒரு முனையை பேட்டரியில் பாடியோடு இணைந்திருக்கும் முனையிலும், மற்றதை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். நல்ல எர்த்தில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. அடுத்து பேட்டரியின் மற்ற முனைக்கும் பல்புக்கு வரும் வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் சுவிட்சிலோ புல்லட் கனெக்டரிலோ குறை. பிறகு முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த மூட்டைத் தாண்டும்போது எண் சட்டென்று மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஜிஎஸ்டி சாலையில் இரவில் எதிரே வரும் லாரிக்கு நம் வண்டி தெரியாமல் போவதற்கு அந்த ஒரு வோல்ட்டே போதும்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று இருக்கும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதன் எர்த். செல்ஃப் எடுக்கும்போது அதில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். பட்டை அறுந்திருந்தால் கரண்ட் சோக் கேபிளையோ ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ பிடித்துக்கொண்டு திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் குமிழ் சுட்டால் வேறு எதையும் தேடாமல் நேரே பட்டைக்குப் போங்கள்.

என் ஹெரால்டு பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் அப்படித்தான். இது தெரியாத ஆள் பேட்டரி மாட்ட வந்தால் கேபிளைத் திருப்பிப் போட்டுவிடுவார். பல்புக்கும் ஹாரனுக்கும் திசை பற்றிக் கவலையில்லை. புதிய ரேடியோவும் போன் சார்ஜரும் அந்த நொடியே போய்விடும். பானெட்டுக்குள் கண்ணில் படும் இடத்தில் "பாசிட்டிவ் எர்த்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

வயர் நிறங்கள் விஷயத்தில் இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. நம் வீட்டு வயரிங்கில் பச்சை என்றால் எர்த். பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனியான லூகாஸின் முறைப்படி வயரிங் செய்த காரில் பச்சை என்பது இக்னிஷன் போட்டால் கரண்ட் வரும் வயர், எர்த் கறுப்பு. வீட்டு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் உதவிக்கு வந்து பச்சையை பாடியில் திருகிவிட்டால் புகைதான். பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, எப்போதும் உயிருள்ளது. வெள்ளை இக்னிஷன் சாவிக்குப் பின். நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு இருந்தால் டிம். வெறும் சிவப்பு இரவு விளக்கு. வெளியே தெரியும் பகுதி வெயிலிலும் எண்ணெயிலும் எல்லாமே ஒரே கறுப்பாகியிருக்கும். ஹார்னஸ் மேல் சுற்றியிருக்கும் துணியை விரலளவு விலக்கினால் உள்ளே அசல் நிறம் அப்படியே இருக்கும்.

டைனமோ வண்டியில் ஐடிலில் சிவப்பு சார்ஜிங் விளக்கு லேசாக எரிவது நோயில்லை. டைனமோ அந்த வேகத்தில் சார்ஜ் செய்யாது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தும் அணையாவிட்டால்தான் பார்க்க வேண்டும். டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக வேகப்படுத்துங்கள். வோல்ட் தடுமாறாமல் ஏறினால் டைனமோ நல்லது, சந்தேகம் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி பக்கம். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள்.

இனி ஃபியூஸ். என் வண்டியில் ஃபியூஸ் பெட்டியே கிடையாது. புதிதாக வந்த காலத்தில், வயர் உறை இளசாக இருந்தபோது, அது பெரிய விஷயமாக இருந்திருக்காது. இன்று டேஷ்போர்டுக்கு வரும் வயர்கள் இரும்புச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்து, வயர் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருக்கிறது. எலி வேறு. ஃபியூஸ் போட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. 'ஒரிஜினல் கெட்டுவிடும்' என்பவர்களோடு இதில் நான் ஒத்துப்போவதில்லை. பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என்று தனித்தனியே போடுங்கள். ஒன்று போனாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். 45 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து ஏழரை ஆம்பியர் எடுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அதற்குப் பதிலாக இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை வாங்கிச் செருகினால் அது உருகும் முன் வயர் உருகிவிடும்.

ஷார்ட் எங்கே என்று தேடுவதற்குப் பணம் செலவில்லாத வழி ஒன்று. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை மாட்டிவிடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். அதற்கு மேல் கரண்ட் பாயாது என்பதால் வயரும் தப்பிக்கும். இப்போது ஹார்னஸை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் உரசல். பேட்டரி இரவோடு இரவாக இறங்குகிறதா? எல்லாவற்றையும் அணைத்து, இதே பல்பைப் பேட்டரி முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். லேசாக எரிந்தாலும் எங்கோ கசிகிறது.

வயர் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பழைய வண்டிகளைப் பிரித்தால் உள்ளே வீட்டு வயர், ஸ்பீக்கர் வயர், முறுக்கி டேப் ஒட்டிய மூட்டுகள் என்று ஒவ்வொரு சொந்தக்காரரின் அவசரமும் தெரியும். லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் செய்வது உலக வழக்கம். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த முறுக்கு மூட்டுகளில்தான் இருந்தன. காருக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர்தான் வேண்டும். அதிர்வில் ஒற்றைக் கம்பி ஒடிந்துவிடும். இரவு விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டர் போதும், ஹெட்லைட்டுக்கு 2. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் ஊறிய இடம் விறைத்து, அதன் விளிம்பில் வயர் ஒடியும். சரியான கருவியால் அழுத்திய லக்கே நல்லது. புல்லட் கனெக்டரில் புல்லட்டைத் தேய்த்தால் மட்டும் போதாது, கறுப்பு ரப்பருக்குள் இருக்கும் தகட்டுக் குழாய் தளர்ந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் கிடைக்கிறது.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது. ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் பின்விளக்கில் கை வைக்கும்போது இது கட்டாயம். அந்த எர்த் கேபிளிலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் கழற்றும் வேலை மிச்சம். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போதும் அதைத் திருகிவிட்டே போகலாம்.