ஓடினால் போதாது, விடையும் மாறக் கூடாது

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 2.7.18 தான் அதன் கடைசிப் பதிப்பு. ஆனாலும் எத்தனையோ ஆய்வகங்களில் முக்கியமான கணக்குகள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. எழுதியவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார், நிரல் மட்டும் ஒரு மூலைக் கணினியில் இருக்கிறது. அந்தக் கணினி தடுமாறத் தொடங்கும்போது பேராசிரியர் புதிதாகச் சேர்ந்த மாணவரைக் கூப்பிட்டு, "இதைப் பைத்தான் 3-க்கு மாத்திடுப்பா" என்கிறார். அந்த மாணவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிழைச் செய்தி காட்டி நிற்கும் நிரலைக் கண்டு பயப்படாதீர்கள். எந்த வரியில் சிக்கல் என்று அதுவே சொல்லிவிடும். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடித்து, வேறு எண்ணைத் தரும் நிரல்தான் ஆபத்தானது. ஆய்வில் அந்த எண்தான் முடிவு. அது மாறினால், ஏற்கெனவே வெளியான கட்டுரையே கேள்விக்குள்ளாகும். ஆகவே உங்கள் வேலை நிரலை ஓட வைப்பது மட்டுமல்ல, விடை மாறவில்லை என்று நிரூபிப்பதும்தான்.

கை வைப்பதற்கு முன்

ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன், பழைய நிரலைப் பழைய சூழலிலேயே ஓட்டி விடைகளைச் சேமியுங்கள். சில நிமிடங்களில் முடியும் சிறிய உள்ளீடுகளாக நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். இறுதி விடை மட்டும் போதாது, இடையில் வரும் அணிகளையும் எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது மாறினால், எந்தக் கட்டத்தில் மாறியது என்று அவைதான் காட்டும்.

எண்களைத் திரையில் அச்சிட்டு ஒப்பிடாதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி அச்சிட்டால் பைத்தான் 2.7 வெறும் 0.3 என்று காட்டும், பைத்தான் 3 அதையே 0.30000000000000004 என்று காட்டும். மதிப்பு ஒன்றுதான், காட்டும் விதம்தான் வேறு. 17 இலக்கங்களோடு உரைக்கோப்பாகவோ, நம்பை (NumPy) நூலகத்தின் சொந்தக் கோப்பு வடிவிலோ சேமியுங்கள். நிறுவப்பட்ட ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, முழு நிரலையும் கிட் (Git) களஞ்சியத்தில் ஏற்றிய பிறகே திருத்தத் தொடங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பலரும் பைத்தான் 2.7-இலிருந்து நேராக இன்றைய பைத்தானுக்கும் நம்பை 2-க்கும் ஒரே தாவாகத் தாவப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால், விடை மாறும்போது காரணம் மொழியா நூலகமா என்று பிரித்தறிய முடியாது. நம்பை 1.16, சைப்பை 1.2, பாண்டாஸ் 0.24 ஆகியவை பைத்தான் 2.7-ஐ ஆதரித்த கடைசி வரிசைகள். இவை பைத்தான் 3.7-இலும் ஓடும். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நூலகங்களை அப்படியே வைத்துக்கொண்டு மொழியை மட்டும் 3.7-க்கு மாற்றுங்கள். விடைகள் பொருந்திய பிறகு நூலகங்களைப் படிப்படியாக உயர்த்துங்கள்.

அந்த இரண்டாவது கட்டத்திலும் கவனம் வேண்டும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, எண் வகைகள் கலக்கும் விதியையே மாற்றியது. 32 பிட் தசம எண் ஒன்றோடு பைத்தானின் சாதாரணத் தசம எண்ணைக் கூட்டினால் முன்பு 64 பிட் விடை கிடைத்தது, இப்போது 32 பிட்தான் கிடைக்கும். துல்லியம் பாதியாகக் குறைந்ததை எந்த எச்சரிக்கையும் உங்களுக்குச் சொல்லாது. நிரல்களை நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் (distutils) தொகுதி பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டதால், சி அல்லது ஃபோர்ட்ரான் பகுதிகள் கொண்ட நிரல்களுக்கு நிறுவும் முறையையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

சத்தமில்லாமல் மாறுபவை

முதலாவது வகுத்தல். பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3-இல் 3.5. தானாக மாற்றித் தரும் 2டு3 கருவி இதைத் தொடுவதில்லை. பைத்தான் 2.7-ஐ -3 என்ற தேர்வோடு ஓட்டினால், முழு எண் வகுத்தல் நடக்கும் இடங்களை எச்சரிக்கையாகக் காட்டும். ஒவ்வொரு இடத்திலும் இது அணியின் இடஎண்ணா, அளந்த அளவா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது முழுமையாக்கல். 2.5-ஐ முழுமையாக்கினால் பழையது 3 தரும். புதியது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணான 2-ஐத் தரும்.

மூன்றாவது மேப், ஜிப், ஃபில்டர். இவை முன்பு பட்டியலைத் தந்தன. இப்போது ஒருமுறை படித்ததும் தீர்ந்துபோகும் ஓட்டத்தைத் தருகின்றன. சராசரி கண்டுவிட்டு, அதே தரவை மீண்டும் சுற்றி விலக்கம் கணக்கிட்டால், இரண்டாம் சுற்றில் ஒன்றுமே இருக்காது. கூட்டுத்தொகை பூஜ்யமாக நிற்கும், பிழை ஏதும் வராது.

நான்காவது தற்செயல் எண்கள். பைத்தானின் ரேண்டம் தொகுதியில் சில செயல்கள் 3.2 முதல் மாறிவிட்டன. சீட் எனப்படும் தொடக்க எண் அதேதான் என்றாலும் வரிசை வேறாக வரலாம். மான்டி கார்லோ நிரலாக இருந்தால், பழைய நிரல் பயன்படுத்திய எண்களை ஒரு கோப்பில் எழுதி, புதிய நிரலுக்கும் அதையே ஊட்டி ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது எழுத்து. யுடிஎஃப்-8-இல் இருக்கும் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் பைத்தான் 2-இன் சாதாரணச் சரத்தில் 15, பைத்தான் 3-இல் 5. தமிழில் ஊர்ப்பெயர் உள்ள மழைத் தரவை நீளத்தை எண்ணி வெட்டும் நிரல் உங்களிடம் இருந்தால், அது தவறான இடத்தில் வெட்டும். பைத்தான் 2-இல் சேமித்த பிக்கிள் கோப்புகளில் நம்பை அணிகள் இருந்தால், திறக்கும்போது லாட்டின்-1 குறியாக்கத்தைக் குறிப்பிடுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம்?

எண்ணிக்கைகளும் முழு எண்களும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். தசம எண்களில் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் அசையும், அது இயல்பு. எவ்வளவு அசையலாம் என்பதைக் கருவியின் அளவீட்டுப் பிழையையும் கணக்கின் தன்மையையும் பார்த்து, ஒப்பிடுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். வித்தியாசத்தைப் பார்த்த பிறகு எல்லையைத் தளர்த்துவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

சில நேரம் தவறு பழைய நிரலில் இருக்கும். பைத்தான் 2-இல் விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் நன் (None), எந்த எண்ணையும்விடச் சிறியதாகக் கருதப்பட்டது. பைத்தான் 3 அந்த ஒப்பீட்டையே மறுத்து நிற்கும். அங்கே ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்த பிழை வெளியே வரும். அதை உடனே திருத்திவிடாதீர்கள். முதலில் பழைய நடத்தையை அப்படியே பெயர்த்து, விடைகளை ஒப்பிட்டு முடித்துவிட்டு, பிறகு தனி மாற்றமாகத் திருத்துங்கள். வெளியான முடிவை அது பாதிக்கிறதா என்று வழிகாட்டியிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

பைத்தானில் ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 ஆண்டுகளே ஆதரவு. ஆகவே இந்த வேலை மறுபடியும் வரும். இப்போது சேமித்த விடைகளையும் ஒப்பீட்டுச் சோதனைகளையும் நிரலோடே வையுங்கள், அடுத்த முறை வேலை பெரிதும் குறையும்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதை மாணவர் ஓய்வு நேரத்தில் முடிக்கும் எடுபிடி வேலையாக நினைக்காதீர்கள். உங்கள் முடிவுகளைச் சரிபார்க்கும் ஆய்வு இது. அதற்குரிய நேரத்தை ஒதுக்குங்கள், கட்டுரையில் அந்த மாணவரின் பெயரையும் சேருங்கள்.