கடல் நீரோட்டமும் மதகு நீரோட்டமும்

சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதனால் கடல்நீர் பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை இறங்குகின்றது. இதனை ஓதம் என்பர். ஓதநீர் குறுகிய நீரிணைகளின் வழியே செல்லுங்கால் வெள்ளப்பெருக்குற்ற ஆறுபோல் விரைந்தோடும். அங்கே டர்பைன் என்னும் சுழலியை நீருள் நிறுவினால், காற்றாலையைக் காற்று சுழற்றுவதுபோல் நீரோட்டம் அதனைச் சுழற்றி மின்சாரம் தரும். மழை பொய்த்தாலும் ஓதம் பொய்ப்பதில்லை என்பது இம்முறையின் சிறப்பாகும்.

ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள பென்ட்லண்ட் நீரிணையில், 1,500 கிலோவாட் திறனுள்ள நான்கு சுழலிகள் இவ்வாறு நிறுவப்பெற்றுள்ளன. நம் நாட்டில் ஓதம் மிகுந்த இடம் குஜராத்திலுள்ள காம்பே வளைகுடா. அங்கு நீர் 10 மீட்டருக்கு மேலும் உயர்வதுண்டு. கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் நிலையம் அமைக்க 2011ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டும் அது நிறைவேறவில்லை. உப்புநீரில் யந்திரத்தைக் காப்பதும் பழுதுபார்ப்பதும் பெருஞ்செலவாகும். சென்னைக் கரையிலோ ஓதம் ஏறத்தாழ 1 மீட்டரே. எனினும் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் ஆராய்ச்சி செய்துவருகின்றது.

"மணிமங்கலம் ஏரி மதகிலும் இத்தகைய சுழலியை வைக்கலாகாதா?" என உறுப்பினர்கள் வினவக்கூடும். விடை நீரின் வேகத்தில் உள்ளது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

வேகத்தைத் தாங்களே அளந்தறியலாம். கால்வாயின் நேரான பகுதியில் 10 மீட்டர் இடைவெளியில் இரு கழிகளை நடுக. ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க. மேல்நீர் அடிநீரினும் விரைந்தோடுமாதலால், கிடைத்த வேகத்தில் ஐந்திலொரு பங்கைக் கழிக்க. 16 விநாடியில் கடந்தால், உண்மை வேகம் விநாடிக்கு அரை மீட்டராகும்.

அவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சுழலி தருவது ஏறத்தாழ 20 வாட். அதாவது இரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்கே போதும். வேகம் இரண்டரை மீட்டராயின் அதே சுழலி 2,500 வாட் தரும். ஆனால் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 3,700 வாட்டுக்கு மேல் வேண்டும். மேலும், மதகில் நீர் சில மாதங்களே ஓடும். சுழலியில் செத்தையும் ஆகாயத்தாமரையும் சிக்கினால் பாசனமும் தடைப்படும்.

ஆதலின், இத்தகைய யந்திரத்தை வாங்குமாறு எவரேனும் கூறினால், முதலில் நீரின் வேகத்தை அளந்து, அந்தக் கணக்கை மன்றக் கூட்டத்தில் வைத்து ஆராய்க. நீரோட்டம் மெதுவான ஊர்களில் பள்ளிக் கூரையிலும் கிணற்றடியிலும் அமைக்கும் சூரிய மின்தகடுகளே ஏற்றவை. ஊராட்சியின் பணம் ஊராரின் பணம். அளந்தறிந்த பின்னரே அதனைச் செலவிடுதல் நன்று.