மருந்தின் நான்காம் கூறு

நுழையும்முன்

மருத்துவமனையில் நோயுற்றவரின் படுக்கையருகே மருத்துவர் சில மணித்துளிகளே நிற்கிறார். எஞ்சிய பொழுதெல்லாம் உடனிருப்பவர் செவிலியர். அவரை அன்பின் வடிவம் என்று போற்றுவது நம் வழக்கம். அந்த அன்பிற்குள் இயங்கும் கல்வியையும் கூர்மதியையும் அறிந்து போற்றுவதே முழுமையான மதிப்பாகும்.

சொல்லும் மரபும்

சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலி எனப்படுகிறாள். நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். செவிலியின் மகளே தோழி என்கிறது தமிழ் இலக்கண மரபு. தலைவியின் உடல் மெலிவையும் நிறமாற்றத்தையும் கண்டு, அதன் காரணத்தை வினவி அறிய முற்படுபவளாகவும் செவிலி காட்டப்படுகிறாள். பேணுதலும் கூர்ந்து காணுதலும் அச்சொல்லின் இரு முகங்கள். நோயாளரைப் பேணும் பணியாளருக்குத் தமிழ் அச்சொல்லையே வழங்கியது மிகப் பொருத்தம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றுடன் அருகிருந்து மருந்தைப் பிழையின்றி அளிப்பவரையும் ஒரு கூறாக வைக்கிறார். அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். மருத்துவரின் ஏவலாளாக அன்றி, மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே அவரை எண்ணியமை நினைக்கத்தக்கது.

எண்களால் பேசிய செவிலியர்

நவீனச் செவிலியத்தின் முன்னோடி எனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்கே கழிவுநீர் தேங்கிய கட்டடத்தில், காற்றோட்டமற்ற கூடங்களில் வீரர்கள் நெருக்கமாகக் கிடத்தப்பட்டிருந்தனர். போர்க்களக் காயங்களால் மாண்டவர்களைவிடத் தொற்றுநோய்களால் மாண்டவர்களே மிகுதி.

இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே நடந்த அவரது உருவம் உலகின் நினைவில் நிலைத்துவிட்டது. ஆனால், அவர் கையில் விளக்கோடு கணக்கேடும் இருந்தது. இறப்புகளைக் காரணவாரியாகத் தொகுத்து, வண்ண வட்டப்படங்களாக வரைந்து, தூய்மையின்மையே பேரழிவிற்குக் காரணம் என்பதை அரசிற்கு உணர்த்தினார். இங்கிலாந்துப் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இரக்கம் மட்டும் போதாது, முறையான கல்வி வேண்டும் என்பதே அப்பள்ளியின் அடிப்படை.

தெரிந்து தெளிவோம்

நைட்டிங்கேல் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 2020ஆம் ஆண்டை உலக நல நிறுவனம் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆண்டாக அறிவித்தது. நைட்டிங்கேல் பெயரால் தேசிய விருது ஒன்றை இந்திய அரசு 1973ஆம் ஆண்டு நிறுவிச் சிறந்த செவிலியருக்கு வழங்கி வருகிறது.

வேலூர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இக்கல்வி வேரூன்றிய வரலாற்றில் வேலூருக்குத் தனியிடம் உண்டு. இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர் ஐடா ஸ்கடர். ஆண் மருத்துவரை ஏற்க மறுத்த குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பெண்கள் ஒரே இரவில் மகப்பேற்றின்போது இறந்த துயரம் அவரை மருத்துவராக்கியது. 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

மருத்துவர் ஒருவரால் மட்டும் மக்களைக் காக்க இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். அதனால் 1909ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி தோன்றியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது 1918ஆம் ஆண்டில்தான். இவ்வரிசை நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. பிறர் புண்ணையும் கழிவையும் தொடுவது இழிவெனக் கருதிய சமூகத்தில், பெண்களை இப்பணிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். அத்தயக்கத்தைக் கடந்து வளர்ந்த அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1946ஆம் ஆண்டு தில்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. இழிதொழில் எனப்பட்ட பணி, பல்கலைக்கழகம் பட்டமளிக்கும் துறையாயிற்று.

கூர்ந்து காணும் கல்வி

நள்ளிரவில் அறுவை முடிந்த ஒருவர் உறங்குவதுபோல் படுத்திருக்கிறார். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அவரது மூச்சை எண்ணுகிறார். நலமான வளர்ந்தவர், ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். இவ்வெண்ணிக்கை உயர்ந்துகொண்டே போனால், இரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே உடல் தரும் எச்சரிக்கையாக அது இருக்கக்கூடும். அதனை உணர்ந்து மருத்துவரை உடனே அழைப்பதா, சற்றுப் பொறுத்து மீண்டும் எண்ணுவதா என்று அந்நொடியில் முடிவெடுப்பவர் செவிலியரே.

மருந்து தருவதும் அத்தகையதே. உரிய நோயாளரா, உரிய மருந்தா, உரிய அளவா, உரிய வழியா, உரிய நேரமா என ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பின்னரே கை மருந்தை நீட்டுகிறது. புரள இயலாதவரை உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பதும், ஒரு நோயாளரைத் தொட்ட கையைத் தூய்மை செய்யாமல் மற்றவரைத் தொடாதிருப்பதும் எளிய செயல்களாகத் தோன்றலாம். அவற்றின் பின்னே உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் மருந்தியலும் நிற்கின்றன.

இப்பணியின் பயனை ஆய்வும் உறுதிசெய்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா எய்க்கன் குழுவினர் நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் அறுவை நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், நோயாளர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாக அது காட்டியது. பல நோயாளரிடையே ஓடும் ஒருவரால் எவரது மூச்சையும் முழுமையாக எண்ண இயலாதன்றோ?

படிப்பும் படிநிலையும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் நான்காண்டு இளநிலைச் செவிலியப் பட்டப்படிப்பில் சேரலாம். மூன்றாண்டுப் பட்டயப்படிப்பும் உண்டு. ஆடவரும் இத்துறையில் பயின்று சிறக்கின்றனர். படிப்பை முடித்தபின் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதுநிலையில் குழந்தைநலம், மகப்பேறு, மனநலம், சமுதாயநலம் போன்ற பிரிவுகளில் தனித்திறன் பெறலாம். முனைவர் பட்டம் வரை உயரலாம்.

பணிக்களமும் விரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, கல்லூரி, ஆய்வகம் எனப் பல வாயில்கள் உள்ளன. இராணுவச் செவிலியப் பணியில் சேர்வோர் அதிகாரி நிலையில் பணியாற்றுகின்றனர். கருவுற்ற தாயைப் பதிவு செய்வது முதல் குழந்தைக்குத் தடுப்பூசி இடுவது வரை சிற்றூர்களில் உடன்நிற்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். நம் மாநிலத்தின் தாய்சேய் நலத்திற்கு அவர்தம் ஏடும் நடையும் அடித்தளம்.

உண்மையான சிறப்பு

இது எளிய வாழ்வன்று. இரவுப்பணி உறக்கத்தைப் பறிக்கும். நெடுநேரம் நிற்பது உடலை வருத்தும். துயருற்ற உறவினரின் சினம் சில நேரம் செவிலியர்மீதே பாயும். தியாகத் திருவுருவம் எனப் புகழ்ந்துவிட்டு, போதிய ஊதியமும் பாதுகாப்பும் ஓய்வும் தராதிருத்தல் முறையாகாது. மே 12 அன்று தரும் மலர்க்கொத்து அன்றே வாடும். ஒவ்வொரு கூடத்திலும் போதிய செவிலியரை அமர்த்துவதும், அவர்தம் சொல்லுக்கு மருத்துவக் குழுவில் இடமளிப்பதும் வாடாத சிறப்புகள்.

வள்ளுவர் வகுத்த நான்கனுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது. அந்நான்காம் கூறாக நிற்க விழைவோர், கனிந்த நெஞ்சத்தோடு தெளிந்த அறிவையும் துணைக்கொள்ளல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவரை நேர்கண்டு, அவரது ஒருநாள் பணியைத் தொகுத்து எழுதுக.
2. ‘செவிலியருக்குத் தேவை கனிவே’, ‘செவிலியருக்குத் தேவை கல்வியே’ என்னும் தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. செவிலித்தாய் இடம்பெறும் சங்கப் பாடல்கள் இரண்டைத் தேடிப் படித்து, அவளது பண்புகளைப் பட்டியலிடுக.