வாடகை சர்வரில் உங்கள் புரோகிராம்: அடிக்கடி எழும் கேள்விகள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் ஒரு வெப் புரோகிராமை, ஊரில் உள்ள எல்லோரும் பார்க்கும்படி இண்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். அதற்காகத் தனியாக சர்வர் வாங்கி, லினக்ஸ் பதிந்து, இரவு பகலாகக் காவல் காக்க நம்மால் முடியாது. "புரோகிராமை மட்டும் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று சொல்லும் சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. 2007ல் ஹெரோகு தொடங்கியது. கூகுள் ஆப் எஞ்சின் 2008 ஏப்ரலில் வந்தது. அப்போது முதல் 10,000 பேருக்கு மட்டுமே இடம். பைத்தான் மொழியில் எழுதினால்தான் ஓடும். இன்று ரெண்டர், நம் ஜோஹோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் என்று பல வந்துவிட்டன. இவற்றை முதன்முதலாகப் பயன்படுத்துவோர் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறவே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கொள்வோம். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக் கடைகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு கடைக்காக, கல்லூரி மாணவர் ஒருவர் சிறிய தளம் செய்து தருகிறார். கடைக்காரர் சேலையின் படத்தையும் விலையையும் ஏற்றுவார். வெளியூர் வாடிக்கையாளர் பார்த்து ஆர்டர் கொடுப்பார். அவ்வளவுதான்.

நேற்று ஏற்றிய படங்களை இன்று காணவில்லையே, ஏன்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். இதைப் புரிந்து கொண்டால் பாதிக் கிணறு தாண்டியது போல.

இந்தச் சேவைகளைக் கல்யாண மண்டபத்துக்கு ஒப்பிடலாம். விளக்கு, தண்ணீர், அண்டா எல்லாம் மண்டபத்தார் பொறுப்பு. ஆனால் விசேஷம் முடிந்ததும் கூட்டிப் பெருக்கி விடுவார்கள். மேடையில் மறந்து வைத்த மொய் நோட்டும் குப்பையோடு போய்விடும். ஹெரோகுவில் உங்கள் புரோகிராம் ஓடும் இடம் நாளுக்கு ஒரு முறையாவது நிறுத்தப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். புதிய பதிப்பை ஏற்றும் போதும் இதேதான் நடக்கும். தொடங்கும் போது, நீங்கள் ஏற்றிய புரோகிராம் பைல்கள் மட்டுமே இருக்கும். ஓடும் போது எழுதப்பட்டவை இருக்காது. ஆப் எஞ்சினின் ஸ்டாண்டர்டு வகையில் தற்காலிக போல்டரைத் தவிர வேறு எங்கும் எழுதவே முடியாது. அதுவும் மெமரியில்தான் இருக்கிறது.

படம் போனால் மறுபடி எடுத்துக் கொள்ளலாம். ஆர்டர் போனால்? வீட்டில் பழகும் போது பலரும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறார்கள். அது வெறும் ஒரு பைல். படங்களோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிடும். பணம் கட்டியவர் யார், எந்தச் சேலை, எந்த முகவரி என்பது எதுவும் மிஞ்சாது. கடைக்காரரிடம் செய்து காட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் இந்தக் குறை கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து.

ஆகவே படங்களை அமேசானின் எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ் போன்ற தனிச் சேமிப்பகத்தில் வையுங்கள். ஆர்டர்களைப் போஸ்ட்கிரஸ் போன்ற தனி டேட்டாபேஸில் எழுதுங்கள். படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும் டேட்டாபேஸில் இருந்தால் போதும். தளத்தைக் கடையில் ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு படம் ஏற்றி, ஒரு ஆர்டர் போட்டு, சேவையின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ரீஸ்டார்ட் கொடுங்கள். எல்லாம் அப்படியே இருந்தால் சரி.

வீட்டில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை

பெரும்பாலும் போர்ட் எண்தான் காரணம். 5000 அல்லது 8000 என்று புரோகிராமில் நேரடியாக எழுதியிருப்பீர்கள். எந்த எண்ணில் காத்திருக்க வேண்டும் என்பதை இத்தகைய சேவைகள் 'போர்ட்' என்ற சூழல் மாறியில் தருகின்றன. அதைப் படித்துக் கொள்ளுங்கள். 127.0.0.1க்குப் பதில் 0.0.0.0 என்று கொடுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் லாக் பக்கத்தின் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

முதல் முறை திறக்க ஏன் இத்தனை நேரம்?

ரெண்டரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வரவில்லை என்றால் புரோகிராம் தூங்கிவிடும். அடுத்து வருபவர் அது எழுந்திருக்கச் சுமார் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தட்டிய வாடிக்கையாளர் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார். கல்லூரி புராஜெக்டுக்கு இலவசம் போதும். கடைக்கு என்றால் கட்டணத் திட்டம்தான் சரி என்பது என் கருத்து.

ஆர்டர் தேதி தவறாக வருகிறதே?

இந்த சர்வர்களின் கடிகாரம் பொதுவாக உலகப் பொது நேரத்தில் ஓடும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது. நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வரும் ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழும். தீபாவளி நேரத்தில் கடைக்காரர் தினக் கணக்குப் பார்க்கும் போது உதைக்கும். சேமிக்கும் போது பொது நேரத்திலேயே சேமியுங்கள். காட்டும் போதும், நாள்வாரியாகக் கூட்டும் போதும் 'ஏசியா/கொல்கத்தா' நேரத்துக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

புரோகிராமுக்குள் எழுதவே கூடாது. சூழல் மாறிகளில் வையுங்கள். ஏற்கனவே கிட்ஹப்பில் ஏற்றிவிட்டீர்களா? அந்த வரியை அழித்தால் போதாது, பழைய பதிப்புகளில் அது இருந்து கொண்டே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

பில் எகிறிவிடுமோ?

எகிறலாம். கூகுளில் பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் அது மெயில் அனுப்புமே தவிர, செலவைத் தானாக நிறுத்தாது. ஆப் எஞ்சினில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பிரதிகள் ஓடலாம் என்று வரம்பு போட முடியும். முதல் நாளே போட்டுவிடுங்கள். அங்கே தேர்ந்தெடுக்கும் இடத்தையும் பிறகு மாற்ற முடியாது. நம் ஊர் வாடிக்கையாளர்களுக்கு மும்பையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அமெரிக்காவுக்குப் போய் வரும் தாமதம் மிச்சம்.

இலவசம் எத்தனை நாள் நீடிக்கும்?

அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாணவர்கள் அதிகம் நம்பியிருந்த ஹெரோகுவின் இலவசத் திட்டம், 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, நவம்பர் 28 முதல் நிறுத்தப்பட்டது. இலவச டேட்டாபேஸ்களும் அதோடு போயின. மெயிலைப் பார்க்காதவர்களுக்கு எடுத்து வைக்க எதுவும் இருக்கவில்லை.

எனவே வாரம் ஒரு முறையாவது டேட்டாபேஸின் நகலை எடுத்து, கடையில் உள்ள கம்ப்யூட்டரில் வையுங்கள். போஸ்ட்கிரஸில் இதற்கு 'பிஜி டம்ப்' கட்டளை இருக்கிறது. நகல் எடுத்தால் மட்டும் போதாது. ஒரு முறை அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆர்டர்கள் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பல கடைகளில், தளத்தைச் செய்து கொடுத்த மாணவரின் மெயில் முகவரியில்தான் எல்லாம் இருக்கும். அவர் படிப்பு முடிந்து வேலைக்காகப் பெங்களூரு போன பின், எச்சரிக்கை மெயில் அவருக்குத்தான் போகும். தொடக்கத்திலேயே கடையின் மெயில் முகவரியில், கடைக்காரரின் கார்டில் கணக்கைத் திறந்து, உங்களைக் கூட்டாளராக மட்டும் சேர்த்துக் கொள்ளச் சொல்லுங்கள்.