மூளை மறக்காத புவியீர்ப்பு

அன்புள்ள கயல்விழிக்கு,

விண்வெளிக்குப் போனால் யோசனை மந்தமாகிவிடுமா என்று கேட்டு எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற சுமார் 400 கி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு காணாமல் போய்விடுவதில்லை. தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கேயும் உண்டு. நிலையமும் அதில் இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் எடை தெரிவதில்லை.

அப்போது முதலில் குழம்புவது உள்காது. அங்கே நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. தலையைச் சாய்த்தால் அவையும் சரிந்து, எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்லும். விண்ணில் எப்படிச் சாய்ந்தாலும் அவை சரிவதில்லை. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, குமட்டிக்கொண்டு வரும். 1961இல் வோஸ்டாக் 2 கலத்தில் பறந்த 25 வயது கெர்மன் டிட்டோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் சரியாகிவிடும்.

ஆனால் மூளைக்குள் ஊறிப்போன கணக்கு அவ்வளவு சுலபத்தில் மாறாது. 1998 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடம் 'நியூரோலேப்' என்ற நரம்பியல் ஆய்வுக்கூடத்தைச் சுமந்து சென்றது. அதில் ஒரு கருவி, வீரரின் கையை நோக்கி மேலிருந்து பந்தை எய்யும். அவர் பிடிக்க வேண்டும். பூமியில் விழுகிற பந்துக்கு வர வர வேகம் கூடும். அங்கேயோ கிளம்பிய வேகத்திலேயே வந்து சேரும். இதைக் கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இருந்தும் பந்து வந்து சேருமுன்பே கை முந்திக்கொண்டது! பந்து வேகமெடுக்கும் என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது. நாட்கள் செல்லச் செல்லக் கை கொஞ்சம் திருந்தியது. ஆனால் இரண்டு வாரம் கழித்தும் பழைய கணக்கு முழுதாக விட்டுப்போகவில்லை. கண்ணால் காண்பதைவிட, பிறந்தது முதல் பழகிய புவியீர்ப்பையே மூளை அதிகம் நம்புகிறது என்பது எவ்வளவு வியப்பான செய்தி!

சரி, யோசிக்கும் திறன்? மிர் நிலையத்தில் 1994-95இல் தொடர்ந்து 437 நாட்கள் பறந்த வலேரி பல்யாகோவ் பயணம் நெடுகிலும் கவனச் சோதனைகளைச் செய்தார். தடுமாற்றம் தெரிந்தது முதல் மூன்று வாரங்களில். பிறகு பூமிக்குத் திரும்பிய முதல் இரண்டு வாரங்களில். நடுவில் இருந்த மாதங்களில் தரையில் இருந்ததைப் போலவே செயல்பட்டார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 25 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்விலும், சில சோதனைகளில் வேகம் குறைந்ததே தவிர, நிலையான பாதிப்பு காணப்படவில்லை. இந்த வேகக் குறைவுக்கு எடையின்மையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தூக்கக் குறைவும் வேலைப் பளுவும் சேர்ந்தே வருகின்றன.

ஆகவே கவலை தரும் நேரம் மிதக்கும் மாதங்கள் அல்ல, எடை திரும்பக் கிடைக்கும் நேரம்தான். பூமியில் இறங்குபவரைக் கலத்திலிருந்து தூக்கிவிட மருத்துவக் குழு காத்திருக்கும். செவ்வாய்க்குப் போகிறவர்களோ, பல மாதம் மிதந்துவிட்டு, இறங்கியதும் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா