புகையிரதப் பாதை வயலைக் கடக்கும்போது

1895 இல் மாத்தறையில் வந்து நின்ற கரையோரப் புகையிரதப் பாதை, 124 ஆண்டுகளின் பின், 2019 ஏப்ரல் 8 இல் பெலியத்த வரை நீண்டது. சுமார் 27 கிலோமீற்றர் நீளமான இப்பகுதியில் கெக்கனதுரவில் சுரங்கம் குடைந்தார்கள். தாழ்நிலத்தின் மேலே ஒரு கிலோமீற்றருக்கும் கூடிய தூண்பாலம் கட்டினார்கள். இத்தகைய வேலை நமது காணி வழியே வந்தால் நாம் அறிந்திருக்க வேண்டியவை எவை?

அணையா, தூணா?

பாதையை வயலுக்கு மேலாகக் கொண்டுசெல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, மண் நிரப்பி அணை கட்டுவது. இதற்குச் செலவு குறைவு. ஆனால் சேற்று நிலம் அணையின் பாரத்தால் அமிழும். நீரோட்டத்துக்குக் குறுக்கே அணை நின்றால் மேல் வயலில் வெள்ளம் தேங்கும். கீழ் வயலுக்கு நீர் குறையும்.

மற்றையது தூண்பாலம். நிலத்தின் கடினமான படை வரை கொங்கிறீற் அத்திவாரம் இறக்கி, அதன்மேல் தூண் எழுப்பி, தூணுக்குத் தூண் உத்தரம் வைப்பார்கள். செலவு கூடினாலும் நீரும் மாடும் உழவு இயந்திரமும் கீழே தடையின்றிப் போகலாம். ஒரே பாதையில் இரண்டும் வரும். உங்கள் வயலில் வருவது எது என்பதை வரைபடத்தைப் பார்த்துக் கேட்டறியுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அணையின் கீழ் வைக்கும் மதகின் அடித்தளம் வயலை விட உயர்ந்தால் நீர் வடியாது. கொங்கிறீற் போடுமுன்பே சொல்லுங்கள்.
2. லொறிப் பாதைக்காக வாய்க்காலில் கொட்டிய மண்ணை வேலை முடிந்ததும் அகற்றுவிக்க வேண்டும்.
3. இயந்திரங்கள் ஓடிய வயல் இறுகிப்போகும். ஆழ உழுது, சாணமும் பசுந்தாட் பசளையும் இடுவது அவசியம்.

முறைப்பாட்டைக் கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

காணி எடுக்கப்படும்போது

1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் மூன்று அறிவித்தல்கள் முக்கியமானவை. 2 ஆம் பிரிவு, காணி தேவைப்படுவதைத் தெரிவிக்கும். 4 ஆம் பிரிவு, ஆட்சேபம் எழுத இடமளிக்கும். 7 ஆம் பிரிவு, உரிமையையும் நட்டஈட்டையும் கோர அழைக்கும். அவசரமெனில் 38 ஆம் பிரிவின் கீழ் நட்டஈடு தீருமுன்பே காணியைப் பொறுப்பேற்கலாம்.

இந்த அறிவித்தல்கள் காணி உள்ள பகுதியிலேயே ஒட்டப்படும். இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்பவர் கண்ணில் அவை படாமற் போகலாம். ஆகவே உங்கள் தற்போதைய முகவரியைச் சொந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுத்து வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால், பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். நின்ற மரங்கள், கிணறு, வேலி ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.

குழுவாக ஆராய்க

1. நமது ஊரில் மழைநீர் எந்த வழியாக வடிகிறது? அதை வரைந்து காட்டுக.
2. நம்மில் எத்தனை குடும்பங்களிடம் உறுதியின் பிரதி உண்டு?
3. ஊரில் ஒட்டப்படும் அறிவித்தலை நமக்கு அறியத் தருபவர் யார்?