சித்தப்பாவின் வல்லமும் ஆயில் பில்டரும்

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாலும் என் சொந்த ஊர் புன்னக்காயல். இங்கே நாம் குளிக்கிற தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி, கடைசியில் எங்கள் ஊரில்தான் கடலில் கலக்கிறது. அரையாண்டு விடுமுறையில் சித்தப்பாவின் வல்லத்தில் நான் செய்த வேலையைச் சொன்னதும், "அதையே சுவரிதழுக்கு எழுது" என்றார் அறிவியல் சார்.

வல்லத்தில் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருக்கிறது. இன்ஜினுக்குள் சுழலும் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. அந்த எண்ணெயில் இரும்புத்தூளும் கரியும் சேராமல் பிடித்து வைப்பதுதான் பில்டர். டப்பா மாதிரி இருக்கும், உள்ளே மடித்து மடித்து வைத்த காகிதம். காகிதம் அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு சின்ன வால்வு திறந்து, அழுக்கு எண்ணெயை அப்படியே விட்டுவிடும். எண்ணெயே இல்லாமல் போவதற்கு அழுக்கு எண்ணெய் பரவாயில்லை என்ற கணக்கு. ஆனால் அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும். நடுக்கடலில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்தப்பா பில்டரை நேரத்துக்கு மாற்றுவதே இல்லை. சோம்பல் கிடையாது. பில்டர் இருந்த இடம் அப்படி. புகைக்குழாய்க்குக் கீழே, படுத்த நிலையில். கழற்றினால் முழங்கை சுடும், எண்ணெய் முழுக்க வல்லத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் கொட்டும். அந்தத் தண்ணீரை இறைத்தால் ஆற்று முகத்தில்தான் விழும். அலையாத்திச் செடிகளும் நண்டும் மடவையும் இருக்கிற இடம் அது. "அடுத்த வாரம் மாத்துவோம்ல" என்று தள்ளித் தள்ளியே மாதங்கள் ஓடின.

பில்டரைக் கை எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டேன். அதற்கு வழி உண்டு. பழைய இடத்தில் இரண்டு துளை உள்ள ஒரு மூடியைத் திருகி, அங்கிருந்து இரண்டு ஓஸ் இழுத்து, வேறு இடத்தில் பில்டரைத் தொங்கவிடலாம். மூடி, ஓஸ், பில்டர் தலை எல்லாம் தூத்துக்குடியில் கிடைத்தன. தாங்கியை மட்டும் நாமே செய்ய வேண்டும். சித்தப்பா காசை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் ஓஸ் கேட்டார். கடை அண்ணாச்சி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "சூடான எண்ணெய்ல இது ஊறிப் போயிரும். கிளிப்பும் கழண்டுரும். கடல்ல நின்னுட்டு என்னையத்தான் ஏசுவீய" என்றார். முனை அழுத்திப் பொருத்திய ஹைட்ராலிக் ஓஸ்தான் வாங்கினோம்.

இங்கே நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். எண்ணெய் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. பில்டர் வாயின் விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. பெருக்கினால் 112 கிலோ! இரண்டு ஆள் கனத்தைத் தாங்க வேண்டுமே என்று பயந்து, தடித்த இரும்புப் பட்டையில் ஓர் அடி நீளத்துக்குத் தாங்கி செய்து, இன்ஜினிலேயே போல்ட் போட்டோம். பட்டறையில் பற்றவைத்தது, பார்க்க ஜம்மென்று இருந்தது.

நாலாவது நாள் கரை திரும்பும்போது பில்டர் தலையாட்டுவதைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். பற்றவைத்த இடத்தில் கீறல். நைலான் கயிற்றால் கட்டி, வேகத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓஸ் பிய்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மொத்தமும் வெளியே போயிருக்கும்.

பள்ளிக்கு வந்து சாரிடம் கேட்டேன். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அந்த 112 கிலோ, பில்டருக்கும் அது மாட்டிய தலைக்கும் நடுவே உள்ள விசை. அதை மரை தாங்குகிறது. தாங்கிக்கு அது வரவே வராது. தாங்கி சுமப்பது பில்டர், தலை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து சுமார் 2 கிலோ மட்டும்தான். அப்புறம் ஏன் கீறியது? அதிர்வு. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், சுற்றுக்கு ஒரு குலுக்கல் என்று வைத்தாலே எட்டு மணி நேரத்தில் 7,20,000 குலுக்கல். நாலு நாளில் 28,80,000. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். நீளமான கை அதை இன்னும் மோசமாக்கியது. 30 செ.மீ. தூரத்தில் 2 கிலோ என்றால் திருப்புவிசை 60. அதே 2 கிலோ 7.5 செ.மீ.யில் இருந்தால் 15 தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இரண்டாவது தாங்கி செய்தோம். எல் ஆங்கிள், கை மூன்று விரல்கடைதான். மூலையில் ஒரு முக்கோணத் துண்டு. இன்ஜினில் மாட்டவில்லை, பக்கத்து மரச்சட்டத்தில் மாட்டினோம், நடுவே பழைய டயர் ரப்பர். இன்ஜின் ஆடும், சட்டம் அவ்வளவாக ஆடாது. அதனால் ஓஸை விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தொங்கவிட்டோம். எங்கும் உரசாமல் பார்த்துக்கொண்டோம். பில்டரை ரொம்ப உயரத்திலும் வைக்கவில்லை.

ஓஸ் மாறிவிடக் கூடாது. பில்டரின் வெளிவட்டத் துளைகளில் எண்ணெய் உள்ளே போய், நடுத்துளையில் வெளியே வரும். மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் மடல் வழியை அடைத்துவிடும். உள்ளே போகும் ஓஸுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். ஓஸ் இரண்டிலும் நிற்கிற எண்ணெயையும் கணக்குப் பார்த்தேன். உள்விட்டம் 1.2 செ.மீ., மொத்த நீளம் 150 செ.மீ., ஆகச் சுமார் 170 மில்லி. அதையும் புது பில்டர் கொள்ளும் அளவையும் கூடுதலாக ஊற்றினோம். இன்ஜினை எடுத்ததும் சித்தப்பா எதுவும் பேசாமல் அழுத்தமானி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஏறிய பிறகுதான் பீடி பற்றவைத்தார்.

இப்போது பில்டரைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். வாய் மேலே பார்த்து இருப்பதால் அவ்வளவாகச் சிந்தாது. சிந்துவதும் அடியில் வைத்த வாளியில் விழும். பழைய எண்ணெயைக் கேனில் சேர்த்து, வாங்குகிறவரிடம் கொடுக்கிறோம். போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். "எலே, பில்டர மாத்திட்டேன். தாங்கிய டார்ச் அடிச்சுப் பாத்தேன், கீறல் இல்ல" என்றார். ஒவ்வொரு முறையும் அப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.